திருப்பி அனுப்பப்பட்ட பக்கங்கள்

மலாக்கா என்றதும் வெளியூர்க்காரர்களுக்குச் சிவப்புக் கட்டடமும் ஆ ஃபாமோசா கோட்டை வாசலும் ஜோங்கர் தெருவும்தான் நினைவுக்கு வரும். நம்மவர்களில் சிலருக்குக் கூடுதலாக 1781இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயிலும், கஜபேராங் செட்டிகளும், மாசி மகத்தன்று செங் சன்னாசிமலைக்குப் போகும் கூட்டமும் நினைவுக்கு வரலாம். நான் இம்முறை போனது வேறு ஒன்றைத் தேடி. ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைக்காக ஒரு வாரம் முழுக்கக் காத்திருந்த தோட்டத்து மக்களைத் தேடிப் போனேன். தொடர்கதை படித்தவர்களையும், அதைப் பார்த்துத் தாங்களும் எழுதத் துணிந்தவர்களையும் பார்க்க வேண்டும் என்பது எண்ணம்.

இந்த எண்ணத்தை விதைத்தது ஒரு ஜப்பானியர் என்றால் வியப்பாக இருக்கும். 'டிராகன் பால்' மங்காவை வரைந்த அகிரா தொரியாமா 2024 மார்ச் 1ஆம் தேதி காலமானார். 1984 முதல் 1995 வரை வாரந்தோறும் வந்த தொடர் அது. மொத்தம் 519 அத்தியாயங்கள், 42 தொகுதிகள். மலாய் மொழியில் 'முத்தியாரா நாகா' என்ற பெயரில் வந்ததை நம் பிள்ளைகள் பள்ளிப் பைக்குள் ஒளித்து வைத்துப் படித்திருக்கிறார்கள். அவரைப் பற்றி அப்போது வந்த செய்திகளில் இன்னொரு பெயரும் விடாமல் கூடவே வந்தது: கஸுஹிகோ தொரிஷிமா. இவர் ஒரு கோடுகூட வரைந்தவர் அல்லர். தொரியாமாவின் பக்கங்களைப் பார்த்துச் சரி, சரியில்லை என்று சொன்ன பத்திரிகை ஆசிரியர்.

அப்படியானால் ஒரு நீண்ட தொடரில் படைப்பாளியின் கை எவ்வளவு, பத்திரிகை ஆசிரியரின் கை எவ்வளவு? தமிழில் இந்தக் கேள்வியைக் கேட்பதே சிக்கல். நூல் எழுதுபவரும் நமக்கு ஆசிரியர், பத்திரிகை நடத்துபவரும் ஆசிரியர், பள்ளியில் பாடம் சொல்பவரும் ஆசிரியர். மூவருக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டிருக்கிறோம். அந்த ஒரே சொல் தற்செயல் அல்ல என்று மலாக்காத் தோட்டப்புறத்தைச் சுற்றி வந்த பிறகு தோன்றியது.

புக்கிட் லிந்தாங்கிலிருந்து ஆசாஹானுக்கு

பயணத்தைப் புக்கிட் லிந்தாங்கில் தொடங்கினேன். காரணம் உண்டு. 1896இல் டான் சாய் யான் என்ற மலாக்காச் சீனர் இங்கேதான் வியாபார நோக்கில் ரப்பர் கன்றுகளை நட்டார். நம் நாட்டின் முதல் ரப்பர் தோட்டம் என்று இதைச் சொல்வார்கள். பிறகு அவரே புக்கிட் ஆசாஹானில் இன்னும் பெரிய பரப்பில் நட்டார். அந்த மரங்களின் பின்னால்தான் நம் பாட்டன்மார்கள் கப்பலேறி வந்தார்கள். இன்று புக்கிட் லிந்தாங் பக்கம் போனால் தாமான் வீடுகளும் கடைவீடுகளும் கண்ணில் படுகின்றன. பழைய பெயரைத் தாங்கி நிற்பவற்றுள் ஒன்று தமிழ்ப்பள்ளி.

அங்கிருந்து ஜாசின். ஜாசினில் ஒரு தாமான் வீட்டில் எனக்காகக் காத்திருந்தார் ஒரு பெரியவர். வயது 78. ஆசாஹானில் பிறந்து, அங்கேயே பால் மரம் வெட்டி, பிள்ளைகள் தலையெடுத்த பிறகு ஜாசினுக்கு வந்தவர். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். "பேரு போட்டு எழுதுன காலம் முடிஞ்சிருச்சு தம்பி. கதையை மட்டும் எழுதுங்க" என்றார்.

இருவரும் ஆசாஹானுக்குப் புறப்பட்டோம். வழியெங்கும் செம்பனை. ரப்பர் மரம் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான். எதிரே லேடாங் மலை நீலமாக எழுந்து நின்றது. 1,276 மீட்டர் உயரம். மலைக்கு அந்தப் பக்கம் ஜொகூர். பழைய லயன் வீடுகள் இருந்த இடத்தைப் பெரியவர் கைகாட்டினார். புல் மண்டிக் கிடந்தது. பெரட்டுக் களம் எது, ஆயாக் கொட்டகை எது, பால் நிறுத்த இடம் எது என்று அவர் அடையாளம் சொன்ன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. கோயில் மட்டும் புதுச் சாயத்தோடு இருந்தது.

"ஜாசின்ல இருந்து வர்ற பஸ்ஸுல பேப்பர் வரும். ஞாயித்துக்கெழம பேப்பரு எங்க லயத்துக்கு ஒண்ணே ஒண்ணுதான். கிராணி வீட்டுல படிச்சு முடிச்சதும் எங்க கைக்கு வரும். நான் படிப்பேன், பத்து இருபது பேரு உக்காந்து கேப்பாங்க. எழுத்துத் தெரியாதவங்கதான் முன்னால உக்காருவாங்க" என்றார்.

ஊர்ப் பத்திரிகையோடு தமிழ்நாட்டு வார இதழ்களும் வந்தன. குமுதத்தில் சாண்டில்யனின் 'கடல் புறா' வந்த காலத்தை அவர் மறக்கவில்லை. கருணாகர தொண்டைமான் கடாரத்துக்குக் கப்பலோட்டி வரும் கதை. கடாரம் நம் கெடா. கதைக்கடல் நம் மலாக்கா நீரிணையை ஒட்டிய கடல். பால் வாளியோடு களைத்து வந்து உட்கார்ந்தவர்களுக்கு, தங்களுக்கு முன்பே தங்கள் ஆட்கள் இந்தக் கடலில் வேறு கோலத்தில் வந்துபோனார்கள் என்று ஒரு தொடர்கதை சொன்னது. "அடுத்த வாரம் என்ன ஆகும்னு மரத்தடியில வாதம் நடக்கும். சில பேரு பத்திரிகைக்குக் கடிதாசி போடச் சொல்லி எங்கிட்ட வருவாங்க" என்றார்.

அந்தக் கடிதங்களுக்கு இருந்த பலம் சாதாரணமானதல்ல. ஜப்பானில் இதை ஒரு முறையாகவே ஆக்கினார்கள். 1968இல் தொடங்கிய 'ஷோனென் ஜம்ப்' இதழில் ஓர் அஞ்சலட்டை இருக்கும். பிடித்த தொடர்களைக் குறித்து வாசகர்கள் அனுப்புவார்கள். பின்தங்கும் தொடர் சில மாதங்களிலேயே நின்றுவிடும். முன்னணியில் இருக்கும் தொடரைப் படைப்பாளி முடிக்க நினைத்தாலும் அவ்வளவு எளிதில் விடமாட்டார்கள். தமிழிலும் வாசகர் எதிர்ப்பால் தொடர் நின்றதுண்டு. 1980களின் தொடக்கத்தில் 1857 கிளர்ச்சியை வைத்துச் சுஜாதா குமுதத்தில் எழுதத் தொடங்கிய 'கறுப்பு சிவப்பு வெளுப்பு' ஒரு சமூகத்தாரின் எதிர்ப்பால் பாதியில் நிறுத்தப்பட்டது. பின்னர் 'ரத்தம் ஒரே நிறம்' என்ற புதுப் பெயரில் அந்தக் கதை வந்தது. எழுத்தாளருக்கும் வாசகருக்கும் நடுவே நின்று, எதை விடுவது எதைத் தடுப்பது என்று முடிவெடுப்பவர் பத்திரிகை ஆசிரியர்தான்.

பத்திரிகைக்குள் ஒரு வகுப்பறை

நம் நாட்டில் பத்திரிகை ஆசிரியர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். 1924இல் கோலாலம்பூரில் தொடங்கிய தமிழ் நேசன், 1950இல் 'கதை வகுப்பு' ஒன்றை நடத்தியது. சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் அதன் ஆசிரியர்கள். சிறுகதை என்றால் என்ன, எப்படி எழுதுவது என்று பத்திரிகைப் பக்கத்திலேயே பாடம் நடத்தினார்கள். வாசகர்கள் பயிற்சி எழுதி அனுப்பினார்கள். எழுத்தாளரும் பத்திரிகை ஆசிரியரும் பள்ளி ஆசிரியரும் ஒரே சொல்லுக்குள் அடங்குவதை அந்தப் பக்கம் உண்மையாக்கியது.

1952இல் தமிழ் நேசனுக்கு ஆசிரியப் பொறுப்பேற்று வந்தார் கு. அழகிரிசாமி. இடைசெவல் என்ற கரிசல் கிராமத்தில் பிறந்த தேர்ந்த சிறுகதையாளர். 1957 வரை இங்கே இருந்தார். அதே காலத்தில் சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி தம் தமிழ் முரசில் மாணவர்களுக்கென 'மாணவர் மணிமன்றம்' அமைத்து, பள்ளிப் பிள்ளைகளை எழுத வைத்தார். 1970களின் தொடக்கத்தில் முருகு சுப்பிரமணியன் தமிழ் நேசனில் பவுன் பரிசுத் திட்டத்தைக் கொண்டுவந்தார். நல்ல கதைக்குத் தங்கப் பவுன். ஆதி. குமணன் 1977இல் தொடங்கிய 'வானம்பாடி' வார இதழ் இளைஞர்களுக்குப் புதுக்கவிதைக்கான வாசலைத் திறந்தது. மலேசியத் தமிழ் இலக்கியத்தின் பெரும்பகுதி பத்திரிகை அலுவலகங்களில் முளைத்தது என்றால் மிகையில்லை. பல்கலைக்கழகம் போகாதவர்கள், விடியற்காலை மரம் வெட்டிவிட்டு மாலையில் எழுதியவர்கள், இந்த ஆசிரியர்களிடம் பாடம் கேட்டுத்தான் எழுத்தாளர் ஆனார்கள்.

பெரியவரும் அப்படி ஒருவர். 1970களில் ஒரு கதை எழுதினார். ஒரு வார இதழுக்கு அனுப்பினார். திரும்பி வந்தது. ஓரத்தில் சிவப்பு மையில் குறிப்புகள். வெயிலை வருணிப்பதை விடு, பெண் என்ன செய்தாள் என்று சொல் என்று ஒரு குறிப்பு. மாற்றி எழுதி அனுப்பினார். மறுபடியும் திரும்பி வந்தது. மூன்று தடவை. அந்தப் பக்கங்களை ஒரு பிஸ்கட் டின்னில் இன்னும் வைத்திருக்கிறார். காகிதம் மஞ்சளாகிவிட்டது, சிவப்பு மை பழுப்பாகிவிட்டது. எனக்குப் படித்துக் காட்டினார். முதல் படிக்கும் மூன்றாவது படிக்கும் இருந்த தூரத்தை யார் படித்தாலும் உணர முடியும். முதல் படியில் வானமும் நிலவும்தான் இருந்தன. மூன்றாவதில் ஒரு பெண் எழுந்து வந்திருந்தாள்.

நான்காவது முறை கதை அச்சில் வந்தது. அங்கேதான் அவருடைய வருத்தமும் தொடங்கியது.

மாற்றப்பட்ட முடிவு

அவர் எழுதிய கதையில் கள்ளுக்கடையே கதியென்று கிடக்கும் கணவனை விட்டு ஒரு பெண் புறப்படுகிறாள். விடியற்காலை. எல்லாரும் பெரட்டுக்குப் போகும் நேரம். பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிப் போய்விடுகிறாள். அத்தோடு கதை முடிந்தது. அச்சில் வந்த கதையிலோ அவள் பஸ் நிறுத்தத்தில் நின்று யோசிக்கிறாள். தாலியைத் தொட்டுப் பார்க்கிறாள். வீட்டுக்குத் திரும்பிவிடுகிறாள். கடைசிப் பத்தி முழுக்க வேறு கை.

"பேரு என்னோடதுதான். லயத்துல எல்லாரும் கைதட்டுனாங்க. நல்ல முடிவுன்னாங்க. மறுநாளு எங்க அக்கா வந்து கேட்டுச்சு. அவ எதுக்குடா திரும்பி வந்தா, நீ போகச் சொல்லியிருக்கலாம்லன்னு. நான் எழுதல, பத்திரிகைக்காரங்க மாத்திட்டாங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரல. அக்காவுக்கும் வீட்டுல அதே கதைதான்."

அக்காள் போய்ச் சேர்ந்து பல வருடமாகிறது. பெரியவர் அதற்குப் பிறகு நான்கைந்து கதைகளோடு நிறுத்திக்கொண்டார்.

ஒரே அலுவலகம், ஒரே கதை. சிவப்பு மையில் கேள்வி கேட்ட கையும், சொல்லாமல் முடிவை மாற்றிய கையும் ஒன்றா வேறா என்பது அவருக்கே தெரியாது. ஆனால் இரண்டும் செய்த வேலை வேறு. முதல் கை குறையைச் சொல்லி எழுதுகோலை அவரிடமே திருப்பித் தந்தது. இரண்டாவது கை அதைப் பிடுங்கிக்கொண்டது.

தொரிஷிமாவின் கதையை இந்த இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். தொரியாமா புதிதாக வந்தபோது, தொடர் எதுவும் தொடங்கும் முன்பே, ஏறத்தாழ 500 பக்கங்களைத் தொரிஷிமா நிராகரித்தார். 1980இல் தொடங்கிய 'டாக்டர் ஸ்லம்ப்' தொடருக்கு விஞ்ஞானிதான் நாயகன் என்று தொரியாமா நினைத்திருந்தார். அவர் செய்த இயந்திரச் சிறுமி அராலேயை நாயகியாக்கு என்றவர் தொரிஷிமா. தொடர் அவளால்தான் நின்றது. 'டிராகன் பால்' தொடரில் ஒரு கட்டத்தில் வில்லன்களாக ஒரு கிழவரும் ஒரு குண்டரும் வந்தார்கள். அப்போது பொறுப்பை வேறொருவருக்கு விட்டுக் கொடுத்திருந்தும் தொரிஷிமா தொலைபேசியில் கூப்பிட்டு, இவர்களா வில்லன்கள் என்று கேட்டார். தொரியாமா இளவயதுடைய இருவரைக் கொண்டுவந்தார். இவர்கள் வெறும் பொடியர்கள் என்றார் தொரிஷிமா. செல் என்ற புதிய அரக்கன் பிறந்தான். அதன் உருவம் அழகாக இல்லை என்றார் அடுத்த பொறுப்பாசிரியர். செல் உருமாறத் தொடங்கினான். உலகமே கொண்டாடிய ஒரு கதைப் பகுதி இப்படி ஆட்சேபணைகளால் வளர்ந்தது.

ஆனால் ஒரு தடவைகூடத் தொரிஷிமா தானே உட்கார்ந்து வரைந்துவிடவில்லை. பிடிக்கவில்லை என்று சொல்வதோடு நிறுத்திக்கொண்டார். என்ன வரைவது என்ற முடிவு தொரியாமாவின் மேசையில்தான் நடந்தது. பழிவாங்கும் உரிமைகூட அவருக்கு இருந்தது. 'டாக்டர் ஸ்லம்ப்' தொடரில் மாஷிரிதோ என்ற வில்லனைத் தொரிஷிமாவின் சாயலில் வரைந்து, அவர் பெயரையே திருப்பிப் போட்டுச் சூட்டினார். அந்தப் பக்கத்தையும் அதே பத்திரிகை அச்சிட்டது.

நம் நாட்டிலும் சான்று உண்டு. கார்ட்டூனிஸ்ட் லாட் 1968 முதல் 26 ஆண்டுகள் 'பெரித்தா மிங்கு' இதழில் ஞாயிறுதோறும் 'கெலுவார்கா சி மாமாட்' வரைந்தவர். 1974இல் அவர் வரைந்த சுன்னத்துக் கல்யாணக் காட்சிகள் ஹாங்காங்கில் வந்த 'ஆசியா மெகசின்' இதழில் வெளியாகின. நியூ ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் தலைமை ஆசிரியர் லீ சியூ யீ அவற்றை ரசித்து, யார் இவர் என்று விசாரித்தார். தம் நிறுவனத்திலேயே குற்றச் செய்தி திரட்டும் நிருபராக ஓடிக்கொண்டிருந்த இளைஞர்தான் என்று தெரிந்தது. கார்ட்டூன் வேலைக்கு மாற்றினார்கள். அடுத்த ஆண்டு லண்டனுக்கு ஓவியம் படிக்கவும் அனுப்பி வைத்தார்கள். என்ன வரைய வேண்டும் என்று சொல்வதைவிட எதைப் பார்க்க வேண்டும் என்று வழிகாட்டுவது மேலான ஆசிரியப் பணி.

டுரியான் துங்காலில் நான்கு நோட்டுகள்

பெரியவரை ஜாசினில் இறக்கிவிட்டு, செலாண்டார் வழியாக டுரியான் துங்கால் வந்தேன். தேநீருக்காக ஓர் ஒட்டுக்கடையில் நின்றபோது, கல்லாவுக்குப் பின்னால் ஒரு பெண் பிள்ளை தலை நிமிராமல் வரைந்துகொண்டிருந்தாள். கடைக்காரரின் மகள், படிவம் 4 மாணவி, தமிழ்ப்பள்ளியில் படித்தவள். கூர்மையான முகவாய், பெரிய கண்கள், காற்றில் பறக்கும் தலைமுடி. மங்கா பாணிதான். ஆனால் நாயகியின் நெற்றியில் பொட்டு, காலில் ரப்பர் செருப்பு, பின்னால் செம்பனைக் குலை ஏற்றிய லாரி.

நான்கு நோட்டுகள் நிறைய ஒரே தொடர். அம்மாவின் அனுமதியோடு புரட்டிப் பார்த்தேன். முதல் நோட்டிலிருந்து நான்காவதுக்குள் கோடு நன்றாகத் தேறியிருந்தது. கதை அப்படித் தேறவில்லை. சண்டை வருகிறது, நாயகி ஜெயிக்கிறாள், மறுபடியும் சண்டை வருகிறது.

"யாராவது படிச்சாங்களாம்மா?"

"போன்ல போடுவேன் அங்கிள். லைக் நெறைய வரும். சூப்பர்னு சொல்வாங்க."

"எது சரியில்லன்னு யாராவது சொன்னாங்களா?"

சற்று யோசித்தாள். "அப்படிச் சொல்ல யாரு இருக்கா?" என்றாள். குறையாகச் சொல்லவில்லை. தெரியாத ஒரு விஷயத்தைக் கேட்பது போலத்தான் கேட்டாள்.

தொரியாமாவின் 500 பக்கங்களைப் பற்றிச் சொன்னேன். கண்கள் விரிந்தன. "ஐந்நூறா? அவருக்கே?" என்றாள். தன் நோட்டுகளின் பக்கங்களை மனத்துக்குள் எண்ணிப் பார்த்தாள் போலும்.

மலாக்கா மாநிலத்தில் 21 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் இப்படி இரண்டு பிள்ளைகள் இருந்தாலும் நாற்பதைத் தாண்டும். கதை வகுப்பு நடத்திய தமிழ் நேசன் 2019 ஜனவரி இறுதியோடு நின்றுவிட்டது. இன்று மிஞ்சியிருக்கும் ஞாயிறு மலர்களில் ஆள் குறைவு, வேலை அதிகம். வந்ததை எழுத்துப் பிழை பார்த்துப் போடுவதற்கே நேரம் சரியாக இருக்கிறது. போடப்படாததைத் திருப்பி அனுப்பிக் காரணம் சொல்ல யாருக்கும் கை ஓய்வதில்லை. வெளியிடுவதற்கு இன்று வழி ஆயிரம் இருக்கிறது. தோட்டத்துப் பிள்ளைக்கு அன்று கிடைத்து இன்று கிடைக்காதது, திருப்பி அனுப்பும் ஒருவர்.

பழைய வகுப்பை அப்படியே திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மாற்றப்பட்ட அந்தக் கடைசிப் பத்தியும் அந்தக் காலத்துச் சரக்குதான். அக்காள் கேட்ட கேள்வி அந்தக் காலத்தின் மேல் நிற்கிறது. ஆனால் ஞாயிறு மலர் ஒன்று மாதத்துக்கு ஒரு பக்கத்தை ஒதுக்கலாம். பிள்ளைகள் அனுப்பும் ஒரு கதையையோ படக்கதையையோ ஓரக் குறிப்புகளோடு போடலாம். மாற்றுவது பிள்ளையின் வேலை, மாற்றியதை அடுத்த மாதம் போடுவது பத்திரிகையின் வேலை என்று வைத்துக்கொள்ளலாம். குறிப்பு எழுத ஆளுக்குப் பஞ்சமில்லை. ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா தாமான்களில் பிஸ்கட் டின்களோடு எத்தனையோ பேர் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள்.

புறப்படும்போது அந்தப் பிள்ளையிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். நாயகி எதற்காகச் சண்டை போடுகிறாள்? பதில் சொல்லவில்லை. நோட்டை வாங்கி முதல் பக்கத்துக்குப் போனாள். நான் பணம் கொடுத்துவிட்டு வண்டி ஏறும்வரை அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அழிப்பான் எங்கே என்று அம்மாவிடம் கேட்பது காதில் விழுந்தது.